அடையாற்றங்கரையில் அயர்லாந்துக்காரர்கள்

மலருக்குக் கட்டுரை கேட்டு மலர்க்குழு நண்பர் போன் செய்தபோது, "பாலம், அணைக்கட்டு, கான்கிரீட் என்று எழுதி எங்களைக் கொல்லாதேப்பா. வீட்டில் இருக்கிறவர்களும் படிக்கிற மாதிரி ஏதாவது கொடு" என்றார். நியாயம்தான். வருஷத்துக்கு ஒருமுறை சேருகிற இடத்திலும் ஆபீஸ் பேச்சா? எனக்குப் பொழுதுபோக்கு சரித்திரம் படிப்பது. வேலை நிமித்தமாக அயர்லாந்தில் கார்க் நகரத்தில் சில மாதங்கள் இருந்தேன். அங்கே ஊர் ஊராகப் போய்ப் பார்த்ததில், நம்ம மயிலாப்பூர், தி.நகர், அடையாறுக்கும் அந்த ஊர்களுக்கும் இருக்கிற பழைய தொடர்பு கொஞ்சம் கொஞ்சமாகப் புரிந்தது. அதைத்தான் எழுதப் போகிறேன்.

முதலில் ஒரு சின்னக் கேள்வி. கல்லூரி நாட்களில் எழும்பூர் கன்னிமாரா நூலகத்துக்குப் போகாதவர் நம்மில் குறைவு. (படிக்கப் போனவர்களும் உண்டு, ஃபேன் காற்றுக்குப் போனவர்களும் உண்டு.) அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது? சப்த கன்னிமாரோடு ஏதோ சம்பந்தம் என்றுதான் நான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். 1886 முதல் 1890 வரை சென்னை மாகாண கவர்னராக இருந்த ராபர்ட் பூர்க் என்பவரின் பட்டப்பெயர் கானிமாரா பிரபு. கானிமாரா என்பது அயர்லாந்தின் மேற்குக் கோடியில், கால்வே பக்கத்தில் இருக்கும் பாறையும் ஏரியுமான பிரதேசம். இன்றைக்கும் அங்கே ஐரிஷ் மொழி பேசுகிறார்கள். அடிக்கல் நாட்டியது 1890-ல், நூலகம் திறந்தது 1896 டிசம்பரில். நம் ஜனங்கள் அந்தப் பெயரை வாயில் போட்டு மென்று, கன்னிமாரா என்று தமிழாகவே ஆக்கிவிட்டார்கள்.

நாம் செய்கிற ஒரு தவறு, வெள்ளைக்காரன் என்றாலே இங்கிலீஷ்காரன் என்று ஒரே கணக்கில் எழுதிவிடுவது. அயர்லாந்துக்காரன் தானே இன்னொருவனுக்கு அடிமையாக இருந்தவன். அதற்காக அவர்கள் எல்லோரும் நம் பக்கம் நின்றார்கள் என்று சொல்ல வரவில்லை. 1781 முதல் 1785 வரை இங்கே கவர்னராக இருந்த மெக்கார்ட்னி பிரபு அயர்லாந்தின் ஆன்ட்ரிம் மாவட்டத்துக்காரர். 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தபோது அங்கே படை நடத்திய, பிற்பாடு வெல்லிங்டன் பிரபு ஆன ஆர்தர் வெல்லெஸ்லி, டப்ளினில் பிறந்தவர். மெரினாவில் சிலையாக நிற்கும் கால்டுவெல் பாதிரியார் பிறந்ததும் ஆன்ட்ரிம் பக்கத்து கிளாடி என்ற சிற்றூர்; பெற்றோர் ஸ்காட்லாந்துக்காரர்கள். ஆக, ஆளவும் வந்தார்கள், போதிக்கவும் வந்தார்கள். ஆனால் அந்தச் சின்ன நாட்டிலிருந்து வேறு ஒரு சரக்கும் கப்பலேறி வந்தது. அதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

இரண்டு பஞ்சங்களை நினைத்துப் பாருங்கள். 1845-ல் தொடங்கி அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் வருஷம் வருஷமாக அழுகிப்போய், சுமார் பத்து லட்சம் பேர் செத்தார்கள். அதற்கும் மேற்பட்டவர்கள் கப்பலேறி ஓடினார்கள். அந்தச் சமயத்திலும் அந்த நாட்டிலிருந்து தானியம் இங்கிலாந்துக்குப் போய்க்கொண்டுதான் இருந்தது. 1876-78-ல் நம் தாது வருஷப் பஞ்சம். சென்னை மாகாணம், மைசூர், தக்காணம் எல்லாம் சேர்த்து ஐம்பது லட்சத்துக்கும் மேல் சாவு. அப்போதும் துறைமுகத்தில் தானிய ஏற்றுமதி நிற்கவில்லை. மயிலாப்பூருக்குப் பின்னால் ஓடும் பக்கிங்ஹாம் கால்வாயில் கூவத்துக்கும் அடையாற்றுக்கும் இடைப்பட்ட பகுதி, பஞ்ச நிவாரணக் கூலி வேலையாக 1877-78-ல் வெட்டப்பட்டதுதான். அதன் மேல் தூண் நட்டு இன்று பறக்கும் ரயில் ஓடுகிறது. (அந்தக் கால்வாயைப் பற்றி ஓர் எஞ்சினியர் வாயைத் திறந்தால் கட்டுரை வேறு திசையில் போய்விடும். விட்டுவிடுகிறேன்.) இப்படிப் பட்ட அனுபவம் ஒரே மாதிரி இருந்ததால், அங்கே பேசிய பேச்சு இங்கேயும் எடுபட்டது.

முதலில் வந்தவர்கள் கன்னியாஸ்திரிகள். கார்க் நகரத்தில் நானோ நேகிள் என்ற பெண்மணி 1775-ல் பிரசன்டேஷன் சபையைத் தொடங்கினார். அந்தக் காலத்தில் அயர்லாந்தில் கத்தோலிக்கர் பள்ளிக்கூடம் நடத்துவதே சட்டவிரோதம். அவர் திருட்டுத்தனமாகச் சந்துபொந்துகளில் ஏழைப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துவந்தார். அந்தச் சபையிலிருந்து 1842-ல் சில பெண்கள் கப்பலேறிச் சென்னைக்கு வந்து ஜார்ஜ் டவுனில் பள்ளி வைத்தார்கள். மவுண்ட் ரோடு சர்ச் பார்க் கான்வென்ட்டும் அதே சபையின் பள்ளிதான், 1909-ல் தொடங்கியது. ஜெயலலிதா படித்த பள்ளி என்றால் எல்லோருக்கும் தெரியும். ஆண்பிள்ளைகளுக்கு, கார்லோ மாவட்டத்து டல்லோ என்ற ஊரில் 1808-ல் பிறந்த பேட்ரீஷியன் சகோதரர்கள் சபை. அவர்கள் 1875-ல் சென்னைக்கு வந்தார்கள். அடையாறு செயின்ட் பேட்ரிக்ஸ் பள்ளி அவர்களுடையது. டல்லோ நம்ம ஊர் தாலுக்கா தலைநகர் சைசுக்குக்கூட வராது. அந்த ஊர்ப் பெயர் தெரியாமலேயே எத்தனை அடையாற்றுப் பையன்கள் படித்து வெளியே வந்துவிட்டார்கள்!

இந்தப் பள்ளிகளைப் பற்றிச் சொல்லும்போது ஒரு பெயரைச் சொல்லாமல் போக முடியாது. மயிலாப்பூரில் 1886-ல் பிறந்த சுப்பலட்சுமி. பிராமணக் குடும்பம், சின்ன வயதிலேயே கல்யாணம், உடனேயே விதவை. அந்தக் காலத்து வழக்கப்படி மொட்டையடித்து மூலையில் உட்காரவைக்காமல் தகப்பனார் படிக்கவைத்தார். பிரசன்டேஷன் கான்வென்ட்டில் படித்துவிட்டு, 1911-ல் பிரசிடென்சி கல்லூரியில் பி.ஏ. முடித்தார். தனக்குப் பாடம் சொன்ன கன்னியாஸ்திரிகள் குடும்பம் இல்லாமலேயே ஊருக்கு உழைக்கிறதைப் பார்த்து, "நாமும் இப்படி இருந்தால் என்ன?" என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. மதம் மாறவில்லை, ஆசாரத்தையும் விடவில்லை. ஆனால் பால்ய விதவைகளைச் சேர்த்துக்கொண்டு படிக்கவைத்து டீச்சர்களாக்கினார். ஊரே அவரை "சிஸ்டர்" என்று கூப்பிட்டது. திருவல்லிக்கேணி ஐஸ் ஹவுஸில் அவர் நடத்திய விடுதி, தி.நகர் சாரதா வித்யாலயா, மயிலாப்பூர் வித்யா மந்திர் எல்லாவற்றிலும் அவர் கை இருக்கிறது. கார்க் நகரத்துச் சந்தில் முளைத்த விதை எங்கே வந்து காய்த்தது பாருங்கள்.

அடுத்து அரசியல். 1894 டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் மகாசபை கூடியபோது தலைமை வகித்தவர் ஆல்ஃப்ரெட் வெப். டப்ளினில் அச்சாபீஸ் நடத்திய குவேக்கர். வெஸ்ட் வாட்டர்ஃபோர்ட் தொகுதியிலிருந்து பிரிட்டிஷ் பார்லிமென்ட்டுக்குப் போனவர். அயர்லாந்துக்குத் தன்னாட்சி வேண்டும் என்று வாதாடிய கட்சிக்காரர். அந்தக் கோரிக்கைக்கு அவர்கள் வைத்த பெயர் "ஹோம் ரூல்". 1886, 1893 என்று இரண்டு தடவை அதற்கான மசோதா லண்டனில் தோற்றிருந்தது. தோற்றுப்போன கட்சிக்காரரைக் கூப்பிட்டு இங்கே நாற்காலியில் உட்காரவைத்தார்கள் என்றால், நம் பெரியவர்களுக்கு விஷயம் புரிந்திருந்தது என்றுதான் அர்த்தம்.

ஆனால் "ஹோம் ரூல்" என்ற வார்த்தையை மயிலாப்பூர்த் திண்ணைக்கே கொண்டுவந்தவர் அன்னி பெசன்ட். லண்டனில் பிறந்தவர் என்றாலும் தாயார் ஐரிஷ், தகப்பனாரும் பாதி ஐரிஷ். தன் உடம்பில் ஓடுவது முக்கால்வாசி ஐரிஷ் ரத்தம் என்று கணக்குப் போட்டுப் பெருமையாகச் சொல்லிக்கொள்வார். பிரம்மஞான சபை 1882-லேயே அடையாற்றங்கரையில் ஹட்டில்ஸ்டன் தோட்டத்தை வாங்கிக் குடியேறியிருந்தது. அதன் தலைவியாக 1907-ல் வந்தார் பெசன்ட். 1914-ல் "நியூ இந்தியா" பத்திரிகை, 1916 செப்டம்பரில் ஹோம் ரூல் லீக். ஆர்மேனியன் தெரு கோகலே ஹாலில் பேச்சு முழங்கியது. 1917 ஜூனில் கவர்னர் பென்ட்லண்ட் பிரபு அவரைப் பிடித்து ஊட்டியில் காவலில் வைத்தார்.

அப்போது மயிலாப்பூரில் ஒரு கிழச்சிங்கம் எழுந்தது. சர் எஸ். சுப்பிரமணிய ஐயர், மணி ஐயர் என்பார்கள். ஹைகோர்ட் நீதிபதியாக இருந்து ரிடையரானவர், ஹோம் ரூல் லீக்கின் கௌரவத் தலைவர். எழுபத்தைந்தை நெருங்குகிற வயதில், அமெரிக்க ஜனாதிபதி வில்சனுக்கு நேராக ஒரு கடிதம் எழுதி, இந்தியாவில் நடப்பதைப் பாருங்கள் என்று முறையிட்டார். பார்லிமென்ட்டில் அதைப் பற்றிக் கண்டனம் எழுந்ததும், வேண்டாம் உங்கள் "சர்" என்று பட்டத்தையே திருப்பிக் கொடுத்துவிட்டார். இந்த வயதில் இவருக்கு ஏன் இந்த வேலை என்று லஸ் கார்னரில் யாராவது கேட்டிருப்பார்கள். கேட்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். மூன்று மாதத்தில் பெசன்ட் விடுதலை. அந்த டிசம்பரிலேயே கல்கத்தா காங்கிரஸ் தலைவர்.

பெசன்ட் பெயர் ஊரறிந்தது. ரோடும் நகரும் அவர் பெயரில் இருக்கின்றன. நான் சொல்ல வந்தது அவருக்கு அடுத்த வரிசையில் இருந்த ஒரு தம்பதியைப் பற்றி: ஜேம்ஸ் கசின்ஸ், மார்கரெட் கசின்ஸ். குறிப்பாக அந்த அம்மாள்.

அயர்லாந்தின் வடமேற்கே ராஸ்காமன் மாவட்டத்தில் பாயில் என்று ஒரு சின்ன ஊர். ஜனத்தொகை மூவாயிரத்துக்கும் குறைவு, தி.நகர் ரங்கநாதன் தெருவில் தீபாவளி சமயம் ஒரு மணி நேரத்தில் அதைவிட அதிகம் பேர் நடப்பார்கள். பன்னிரண்டாம் நூற்றாண்டு மடாலயம் ஒன்று, நடுவே ஆறு, அதன் மேல் கல் பாலம். பழைய டார்ஜான் படங்களில் ஜேனாக நடித்த மோரீன் ஓ'சல்லிவன் அந்த ஊரில் பிறந்தவர். அதே ஊரில் 1878 நவம்பரில் பிறந்தவர் மார்கரெட் கில்லெஸ்பி. டப்ளினில் சங்கீதத்தில் பட்டம் வாங்கினார். 1903-ல் பெல்பாஸ்ட்டில் பிறந்த கவிஞர் ஜேம்ஸ் கசின்ஸைக் கல்யாணம் செய்துகொண்டார். இருவரும் சைவச் சாப்பாடு. இருவருக்கும் பிரம்மஞானத்தில் ஈடுபாடு. 1908-ல் ஹன்னா ஷீஹி ஸ்கெஃபிங்டன் என்ற தோழியோடு சேர்ந்து, பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்டு ஐரிஷ் பெண்கள் வாக்குரிமைச் சங்கத்தை ஆரம்பித்தார். மனு எழுதி மனு எழுதிச் சலித்துப்போய், 1910-ல் லண்டனில் கல்லெறிந்து ஹாலோவே சிறைக்குப் போனார். 1913-ல் டப்ளின் கோட்டை ஜன்னல் கண்ணாடிகளை உடைத்து டல்லமோர் சிறைக்குப் போனார். அங்கே "எங்களை அரசியல் கைதியாக நடத்து" என்று உண்ணாவிரதம் இருந்து ஜெயித்தார். பியானோ டீச்சர் செய்கிற வேலையா இது?

1915-ல் பெசன்ட் அழைப்பில் தம்பதி சென்னைக்கு வந்தார்கள். ஜேம்ஸ் "நியூ இந்தியா"வில் உதவி ஆசிரியர். அடுத்த வருஷம் ஏப்ரலில் டப்ளினில் ஈஸ்டர் கிளர்ச்சி வெடித்தது. தலைவர்களைச் சுட்டுக் கொன்றார்கள். அவர்களில் பலர் எழுத்தாளர்கள், ஜேம்ஸின் வட்டாரத்து ஆட்கள். கைசும்மா இருக்குமா? பாராட்டி எழுதிவிட்டார். வேலை போயிற்று. ஹோம் ரூல் கேட்ட பெசன்ட் அம்மையாரே, துப்பாக்கி தூக்கிய புரட்சியைப் புகழ்ந்ததைப் பொறுக்கவில்லை. பத்திரிகைக்கு ஏற்கெனவே சர்க்கார் ஜாமீன் கேட்டு நெருக்கிக்கொண்டிருந்த நேரம் என்பதையும் சொல்லவேண்டும். ஆனாலும் தெருவில் விடாமல், மதனப்பள்ளி தியாசாபிகல் கல்லூரியில் வாத்தியார் வேலை கொடுத்து அனுப்பினார். (அதே 1916-ல் டப்ளினில் சட்டம் படித்துக்கொண்டிருந்த ஒரு பெர்ஹாம்பூர்ப் பையனை, கிளர்ச்சிக்காரர்களோடு பழகியதற்காக ஊரைவிட்டுப் போகச் சொன்னார்கள். அவர்தான் பிற்பாடு ராஜாஜி மந்திரிசபையில் மந்திரியாகி, கடைசியில் ஜனாதிபதியும் ஆன வி.வி. கிரி. போக்குவரத்து இரண்டு பக்கமும் இருந்தது.)

மதனப்பள்ளிக்கு 1919 பிப்ரவரியில் தாகூர் வந்து தங்கினார். "ஜன கண மன"வை அங்கே பாடிக் காட்டி, ஆங்கிலத்திலும் மொழிபெயர்த்துக் கொடுத்தார். பாடக் கேட்டு அதை மேற்கத்திய முறையில் ஸ்வரப்படுத்தி எழுதியவர் மார்கரெட். மெட்டே அவர் போட்டதுதான் என்று சிலர் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. 1911-லேயே கல்கத்தா காங்கிரஸில் பாடிய பாட்டு அது. எழுதிவைத்தது அவர் என்றால் அதுவே போதுமான பெருமை.

மறுபடி அடையாற்றுக்கு வருவோம். 1917 மே மாதம் 8-ம் தேதி அடையாற்றில் இந்திய மாதர் சங்கம் தொடங்கப்பட்டது. யோசனையை எடுத்தவர் டோரதி ஜினராஜதாசா, பெசன்ட் தலைவி, மார்கரெட் உழைப்பாளி. அந்த வருஷக் கடைசியில் இந்தியா மந்திரி மாண்டேகு, சீர்திருத்தம் பற்றி விசாரிக்க இங்கே வந்தார். பெண்கள் கல்வி பற்றிப் பேச நேரம் கேட்டு மார்கரெட் மனுப் போட்டார். அரசியல் விஷயமாக இருந்தால் மட்டுமே பேட்டி என்று பதில் வந்தது. வேறு ஆளாக இருந்தால் மனுவை மடித்து வைத்திருப்பார். டல்லமோர் சிறைக்குப் போன அம்மாள் ஆச்சே! "அரசியல்தானே வேண்டும்? சரி, ஓட்டு கொடு" என்று கேட்டுவிட்டார். 1917 டிசம்பர் 18-ம் தேதி சென்னையில் சரோஜினி நாயுடு தலைமையில் பெண்கள் தூதுக்குழு மாண்டேகுவைச் சந்தித்து, ஆண்களுக்கு என்ன தகுதியோ அதே தகுதியில் பெண்களுக்கும் வாக்குரிமை என்று கேட்டது. இந்தியப் பெண்கள் ஓட்டு கேட்டு ஆட்சியாளர்கள் முன் சேர்ந்து நின்றது அதுதான் முதல் தடவை. அன்றைய தேதிக்கு இங்கிலாந்திலேயே பெண்களுக்குப் பார்லிமென்ட் ஓட்டு கிடையாது. 1918-ல்தான் வந்தது, அதுவும் முப்பது வயதானவர்களுக்கு மட்டும்.

லண்டன் இதற்கு நேரடியாகப் பதில் சொல்லவில்லை. அந்தந்த மாகாணச் சட்டசபை முடிவு செய்துகொள்ளட்டும் என்று பந்தைத் தட்டிவிட்டது. இங்கேதான் கதை சுவாரஸ்யமாகிறது.

சென்னைச் சட்டசபையில் அப்போது பெரும்பான்மை யாருக்கு? நீதிக்கட்சிக்கு. பெசன்ட்டின் ஹோம் ரூல் என்பது மயிலாப்பூர் வக்கீல்களின் ராஜ்யம்தான் என்று சொல்லி, 1916 நவம்பரில் பிட்டி தியாகராய செட்டியாரும் டாக்டர் டி.எம். நாயரும் உருவாக்கிய அமைப்பு அது. பெசன்ட்டை அவர்கள் திட்டாத நாள் கிடையாது. அதில் நியாயமும் இருந்தது, காரமும் இருந்தது. தி.நகர் என்ற தியாகராய நகர் யார் பெயரில் இருக்கிறது? பனகல் பார்க் யார் பெயர்? டாக்டர் நாயர் ரோடு யார் பெயர்? எல்லாம் அந்தக் கட்சித் தலைவர்கள்தான். ஆற்றுக்குத் தெற்கே போனால் பெசன்ட் நகர், பெசன்ட் அவென்யூ, அருண்டேல் பீச் ரோடு. தி.நகரில் பஸ் ஏறிப் பெசன்ட் நகரில் இறங்குகிறவன், அந்தக் காலத்தில் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காத இரண்டு கட்சிகளுக்கு நடுவே பிரயாணம் செய்கிறான்!

1921 ஏப்ரலில் அந்த நீதிக்கட்சிச் சட்டசபைதான் பெண்களுக்கு வாக்குரிமை கொடுத்தது. இந்தியாவில் இதைச் செய்த முதல் மாகாணம் சென்னை. கேட்டது அடையாறு, கொடுத்தது தி.நகர் என்று வேடிக்கையாகச் சொல்லலாம். (தி.நகர் அப்போது நகராகவே ஆகவில்லை, ஏரியும் வயலுமாகக் கிடந்தது என்று யாராவது திருத்த வேண்டாம், தெரிந்துதான் சொல்கிறேன்.) நம் மேடைப் பேச்சாளர்கள் இந்தப் பெருமையை யாராவது ஒரு கட்சிக்கு மட்டும் மொத்தமாக எழுதிவைத்துவிடுகிறார்கள். உண்மையில் இரண்டு பேர் கையெழுத்தும் அதில் இருக்கிறது. வெள்ளைக்கார அம்மாள் வந்து வாங்கிக்கொடுத்தார் என்று சொல்வதும் பாதிக் கதைதான். தூதுக்குழுவில் சென்றவர்களும், சங்கத்தின் கிளைகளை ஊர் ஊராக நடத்தியவர்களும் நம் பெண்கள்தான். அதே சமயம், கிடைத்த ஓட்டு சொத்து வரி கட்டுகிற சொற்பப் பேருக்குத்தான் என்பதையும் மறைக்கக்கூடாது. சமையற்காரம்மாவுக்கும் ஓட்டு வர 1950-களின் பொதுத் தேர்தல் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

கதவு திறந்ததும் அடுத்தடுத்து நடந்தது. 1926-ல் பெண்கள் சட்டசபைக்குப் போட்டியிடலாம் என்று ஆனதும், கமலாதேவி சட்டோபாத்யாயாவை மங்களூரில் நிறுத்த வற்புறுத்தி, பிரசாரத்துக்கும் உடன் நின்றவர் மார்கரெட். கமலாதேவி கொஞ்ச ஓட்டில் தோற்றார். ஆனால் மாதர் சங்கத்தின் சிபாரிசில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி நியமன உறுப்பினராக உள்ளே போய், 1927-ல் சபையின் துணைத் தலைவர் ஆனார். தேவதாசி முறையை ஒழிக்க அவர் போட்ட போராட்டம் தனியாக எழுதவேண்டிய விஷயம். அதே 1927-ல் புனாவில் கூடிய அகில இந்தியப் பெண்கள் மாநாட்டுக்கும் பிள்ளையார் சுழி போட்டது மார்கரெட்டின் கடிதங்கள்தான்.

இதற்கிடையே, 1920-களின் தொடக்கத்தில் சைதாப்பேட்டையில் அவரைக் கௌரவ மாஜிஸ்திரேட்டாகப் போட்டார்கள். இந்தியாவில் முதல் பெண் மாஜிஸ்திரேட். லண்டனிலும் அயர்லாந்திலும் ஜன்னலை உடைத்து ஜெயிலுக்குப் போனவர் சைதாப்பேட்டையில் தீர்ப்பு சொன்னார்! ஆனால் சர்க்கார் அவரை வளைத்துவிட்டதாக நினைத்திருந்தால் ஏமாந்தது. 1932-ல் பேச்சுரிமையை நெரிக்கும் அவசரச் சட்டங்களை எதிர்த்துச் சென்னையில் பகிரங்கமாகப் பேசினார். ஓராண்டுச் சிறைத்தண்டனை, வேலூர் பெண்கள் சிறை. ஆக ஹாலோவே, டல்லமோர், வேலூர் என்று இங்கிலாந்து, அயர்லாந்து, இந்தியா மூன்று நாட்டுச் சிறையும் பார்த்தவர். இரண்டு ஊரில் தன் ஓட்டுக்காக, மூன்றாவதில் நம் சுதந்திரத்துக்காக. அப்போது அவருக்கு வயது 54.

ஜேம்ஸ் கசின்ஸ் கதை கொஞ்சம் மென்மையானது. கவிதை, ஓவியம் என்று அலைந்தார். நவீன இந்திய ஓவியங்களைச் சேகரித்து வைக்கச் சொல்லி சமஸ்தானம் சமஸ்தானமாகப் போய்ப் பேசினார். மைசூர் ஜகன்மோகன் அரண்மனைச் சித்திரசாலையும், 1935-ல் திறந்த திருவனந்தபுரம் சித்திராலயமும் அவர் முயற்சியில் உருவானவை. திருவிதாங்கூரில் பிற்பாடு திவான் ஆனது யார்? பழைய ஹோம் ரூல்காரர், நம்ம எல்டாம்ஸ் ரோடு சி.பி. ராமசாமி ஐயர். பழைய சிநேகிதம் எங்கேயோ கைகொடுக்கிறது. 1936-ல் ருக்மிணி தேவி கலாக்ஷேத்திராவைத் தொடங்கியபோது துணையாக நின்றவர்களிலும் ஜேம்ஸ் உண்டு. (ருக்மிணி தேவியின் தகப்பனார் நீலகண்ட சாஸ்திரி பி.டபிள்யூ.டி. எஞ்சினியர் என்பதை, நம் சங்கத்து மலரில் சொல்லாமல் எங்கே சொல்வது!) கணவன் மனைவி இரண்டு பேரும் சேர்ந்து எழுதிய தடியான சுயசரிதையை 1950-ல் வெளியிட்டது சென்னை கணேஷ் அண்டு கம்பெனி, பின்னாளில் தி.நகர் தணிகாசலம் ரோட்டில் இருந்த அதே பதிப்பகம்தான்.

1940-களின் நடுவில் மார்கரெட்டுக்குப் பக்கவாதம் வந்துவிட்டது. கிட்டத்தட்டப் பத்து வருஷம் அடையாற்றில் படுத்த படுக்கை. பென்ஷன், சொத்து ஒன்றும் கிடையாது. சுதந்திரம் வந்தபிறகு சென்னை சர்க்காரும், நேருவும் பண உதவி செய்தார்கள். பாயிலுக்குத் திரும்பிப் போகவில்லை. 1954 மார்ச் 11-ம் தேதி அடையாற்றில் காலமானார். ஜேம்ஸ் இரண்டு வருஷம் கழித்து மதனப்பள்ளியில்.

கேன்சரில் தங்கையைப் பறிகொடுத்த முத்துலட்சுமி ரெட்டி, அந்த நோய்க்கென்று ஒரு ஆஸ்பத்திரி கட்டவேண்டும் என்று பல வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கேன்சர் வந்தால் சாவுதான், எதற்கு வீண் செலவு என்றார்கள் அதிகாரிகள். கடைசியில் மாதர் சங்கத்தின் பேரில் நிதி திரட்டினார். 1952-ல் நேரு அடிக்கல் நாட்டினார். மார்கரெட் இறந்து மூன்று மாதம் கழித்து, 1954 ஜூன் 18-ம் தேதி அடையாற்றில் 12 படுக்கைகளோடு ஆஸ்பத்திரி திறந்தது. முத்துலட்சுமியின் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், மறுவருஷம் வந்து சேர்ந்து 2021-ல் காலமாகும் வரை அங்கேயே இருந்த டாக்டர் சாந்தாவும் அதை வளர்த்த கதை ஊரறிந்தது. அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட்டுக்கு நம்மில் பலர் யாரோ ஒருவருக்காகப் போய் வரிசையில் நின்றிருப்போம். அடுத்த தடவை பெயர்ப்பலகையைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் டபிள்யூ.ஐ.ஏ. என்று மூன்று எழுத்து இருக்கும். விமன்ஸ் இந்தியன் அசோசியேஷன். 1917 மே 8-ம் தேதி ஆரம்பித்த அதே சங்கம்தான்.